விஆர் ஹெட்செட்: வருஷத்துக்கு ஒரு புது மாடல் தேவையா? காஞ்சிபுரம் தறி காட்டும் கணக்கு

அமெரிக்காவில் இருக்கும் மாமா லீவுக்கு ஊருக்கு வருகிறார். "விஆர் ஹெட்செட் ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்று போனில் கேட்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனா விலையைக் கேட்டதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "இவ்வளவு காசு போட்டு வாங்கி, ஆறு மாசத்துல புது மாடல் வந்துட்டா?"

நியாயமான பயம்தான். ஆப்பிள் விஷன் புரோவின் விலை 3,499 டாலர். நம்ம காசில் 3 லட்சம் ரூபாய்க்கு மேல். போன் மாதிரி எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது. அப்படியானால் இவ்வளவு விலையுள்ள ஒரு கருவிக்கு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை புது மாடல் வர வேண்டும்?

ஒரே மாவட்டம், ரெண்டு கடிகாரம்

இந்தக் கேள்விக்கு ரெண்டு விதமான பதிலும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால், வருஷத்துக்கு ஒரு மாடல் என்ற கணக்கில் ஓடும் ஐபோன் தொழிற்சாலை. செப்டம்பரில் புது போன் கடைக்கு வர வேண்டும் என்றால், அதற்குச் சில மாதம் முன்பே இங்கே வேலை சூடுபிடித்துவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் அதே கதை.

அங்கிருந்து காஞ்சிபுரம் ஊருக்குள், பிள்ளையார்பாளையம் தெருக்களுக்கு வந்தால் கடிகாரமே வேறு. அப்பா உட்கார்ந்து நெய்த குழித்தறியில் மகன் நெய்துகொண்டிருப்பார். மரச்சட்டம் அதே பழைய சட்டம்தான். ஆனால் அதில் இறங்கும் புடவையின் டிசைன் இந்த வருஷத்து டிசைன்.

இது எப்படி? தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில்தான் விஷயம் இருக்கிறது. பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1804-ல் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய இயந்திரம் இது. ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோர்த்து அதில் மாட்டுவார்கள். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதற்கேற்ற பாவு இழைகள் மேலே தூக்கும், நாடா நடுவே ஓடும், ஊடை விழும். அன்னம் வேண்டுமா, அன்னத்துக்கான அட்டை. யாளி வேண்டுமா, யாளிக்கான அட்டை. தறியை மாற்ற வேண்டாம், அட்டையை மாற்றினால் போதும்.

இன்றைய மொழியில் சொன்னால் தறி ஹார்டுவேர், அட்டை சாஃப்ட்வேர். சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. இதே ஓட்டை அட்டை யோசனையைத்தான் 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் பயன்படுத்தினார். கம்ப்யூட்டரின் குடும்ப மரத்தில் ஜக்கார்டு தறி ஒரு தாத்தா.

இப்போது மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. அட்டைக்குப் பதில் கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை நேராக ஏற்றலாம். இங்கேயும் கவனிக்க வேண்டியது ஒன்று: மேலே இருக்கும் பெட்டிதான் மாறுகிறது. கீழே இருக்கும் தறி, அச்சு, நெசவாளரின் கைப்பழக்கம் எல்லாம் அப்படியே தொடரலாம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று மூணு நாடா போட்டு நெய்யும் கோர்வை வேலைக்கு அந்தக் கைப்பழக்கம்தான் மூலதனம்.

இதுவரை விஆர் கம்பெனிகள் செய்தது என்ன?

இன்றைய விஆர் சந்தை சூடுபிடித்தது 2016-ல். ஆக்குலஸ் ரிஃப்ட் மார்ச்சில் 599 டாலருக்கு வந்தது. எச்டிசி வைவ் ஏப்ரலில், சோனியின் பிளேஸ்டேஷன் விஆர் அக்டோபரில். அதன்பிறகு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வேகத்தில் ஓடியிருக்கிறது.

மெட்டா (அன்று ஃபேஸ்புக்) 2019 மே மாதம் முதல் குவெஸ்ட்டை 399 டாலருக்கு விற்றது. 17 மாசம்தான். 2020 அக்டோபரில் குவெஸ்ட் 2 வந்தது. அதைவிட நல்ல திரை, வேகமான சிப், விலையோ 100 டாலர் குறைவு! செப்டம்பரில் முதல் குவெஸ்ட் வாங்கியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய அடி குவெஸ்ட் புரோ வாங்கியவர்களுக்கு. 2022 அக்டோபரில் 1,499 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 1.2 லட்சம் ரூபாய். அஞ்சே மாசத்தில், 2023 மார்ச்சில், விலை 999 டாலராகக் குறைந்தது. அதே வருஷம் அக்டோபரில் அதைவிடப் புதிய சிப்போடு குவெஸ்ட் 3 வந்தது. அதன் விலை 499 டாலர். கண்ணைக் கண்காணிக்கும் வசதி போன்ற சில விஷயங்கள் புரோவில் மட்டும் இருந்தன என்பது உண்மை. ஆனால் வாங்கின ஒரே வருஷத்தில் மூணில் ஒரு பங்கு விலைக்கு வேகமான கருவி கடையில் நிற்கிறது என்றால், யாருக்குத்தான் மனசு ஆறும்?

குவெஸ்ட் 2-ல் இருந்து குவெஸ்ட் 3-க்கு வந்த இடைவெளி மட்டும் சரியாக 3 வருஷம். அந்த மாற்றம் அர்த்தமுள்ள மாற்றமாகவும் இருந்தது. பழைய ஃபிரெனெல் லென்ஸ் போய், மெலிசான பேன்கேக் லென்ஸ் வந்தது. முன்பு நடுவில் மட்டும் தெளிவாகத் தெரிந்த படம் இப்போது ஓரம் வரை தெளிவாகத் தெரிந்தது.

ஆப்பிள் கணக்கு தனி. விஷன் புரோ 2024 பிப்ரவரி 2-ல் எம்2 சிப்போடு வந்தது. 2025 அக்டோபரில் எம்5 சிப் போட்ட அடுத்த பதிப்பு. அதாவது 20 மாசம். விலை அதே 3,499 டாலர். திரை விநாடிக்கு 120 முறை வரை புதுப்பித்துக்கொள்கிறது, படத்தில் 10 சதவீதம் கூடுதல் பிக்சல், பேட்டரி சுமார் அரை மணி நேரம் கூடுதல். மற்றபடி அதே உருவம், ஒயர் மூலம் வெளியே தொங்கும் அதே பேட்டரி. எடை குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. 600 முதல் 650 கிராம் என்று இருந்தது, புதுப் பட்டையோடு சேர்த்து 750 முதல் 800 கிராம் ஆகிவிட்டது.

இதில் ஆப்பிள் ஒரு நல்ல காரியமும் செய்தது. தலையில் இறுகக் கட்டும் அந்தப் புதுப் பட்டையை 99 டாலருக்குத் தனியாக விற்கிறது. 2024-ல் வாங்கிய பழைய விஷன் புரோவிலும் அதை மாட்டலாம். கழுத்து வலிக்கிறது என்று புலம்பியவர்களுக்கு 3 லட்சம் செலவில்லாமல் ஒரு வழி கிடைத்தது. தறி அப்படியே இருக்க, அச்சை மட்டும் மாற்றுகிற மாதிரி.

அப்போ மெதுவா போனா நல்லதா?

அதிலும் சிக்கல் இருக்கு. வால்வ் இண்டெக்ஸ் 2019 ஜூனில் வந்தது, முழு செட் 999 டாலர். அடுத்த ஹெட்செட்டான ஸ்டீம் ஃபிரேமை அந்தக் கம்பெனி அறிவித்தது 2025 நவம்பரில். நடுவில் ஆறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. கடைசி வருஷங்களில் வாங்கியவர் பழைய தொழில்நுட்பத்துக்குப் புது விலை கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சோனியும் 2016-க்குப் பிறகு 2023 பிப்ரவரியில்தான் பிளேஸ்டேஷன் விஆர்2-வைக் கொண்டுவந்தது. ஆறு வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி: பழைய விஆர் கேம் டிஸ்க் எதுவும் புதியதில் அப்படியே ஓடாது. புதுத் தறி வாங்கினால் பழைய அட்டை எல்லாத்தையும் தூக்கிப் போடு என்கிற மாதிரி.

மெதுவாகப் போவதன் ஆபத்து ஸ்ரீபெரும்புதூருக்கும் தெரியும். 2006-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் நிறைய பெண்கள், வேலை பார்த்தார்கள். உலகம் ஸ்மார்ட்போனுக்கு மாறியபோது நோக்கியாவால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியவில்லை. 2014 நவம்பர் 1-ல் ஆலை நின்றது. வரி வழக்கும், போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றதும் முக்கியக் காரணங்கள். பழியை மாடல் தாமதத்தின் மீது மட்டும் போட முடியாது. ஆனால் அதுவும் ஒரு காரணம்.

சரி, எத்தனை வருஷம்தான் சரி?

ஹெட்செட்டுக்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பதில் அங்கேதான் கிடைக்கிறது.

சிப் வேகமாக மாறும். எம் வரிசையில் சுமார் ஒன்றரை வருஷத்துக்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆனால் ஹெட்செட்டுக்கென்றே செய்யப்படும் சிப் அந்த வேகத்தில் வருவதில்லை. குவால்காமின் எக்ஸ்ஆர்2 அறிவிக்கப்பட்டது 2019 டிசம்பர். அதன் அடுத்த தலைமுறை 2023 செப்டம்பர். கிட்டத்தட்ட 4 வருஷம்.

லென்ஸும் திரையும் இன்னும் மெதுவானவை. கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் வைக்கும் திரையில் ஒரு புள்ளி பழுதானாலும் தெரியும். அதனால் அந்த நுண்ணிய திரைகளைத் தயாரிப்பதே கஷ்டம். பேட்டரி இதையெல்லாம்விட மெதுவு. தலையில் மாட்டும் கருவியில் பெரிய பேட்டரி வைத்தால் எடை கூடும். சின்னது வைத்தால் ரெண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சிப் எவ்வளவு வேகமானாலும் கழுத்து அதே கழுத்துதான்.

அதனால் என் கணக்கு இது. அரை லட்சத்துக்குள் விலையுள்ள ஹெட்செட் என்றால் 3 வருஷத்துக்கு ஒரு புது மாடல் போதும். லட்சத்தைத் தாண்டினால் 4 வருஷம். நடுவில் சிப்பை மட்டும் மாற்றி, "புதுசு" என்று பேர் வைத்து அதே விலைக்கு விற்பது வாங்கினவருக்கு எந்த லாபமும் தராது. பட்டை, முகத்தில் படும் மெத்தை, பேட்டரி மாதிரியான தேயும் சாமான்கள் பழைய கருவிக்கும் தனியாகக் கிடைக்க வேண்டும்.

பணக் கணக்காகவும் பார்க்கலாம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்காரர், கல்யாணப் பெண்ணுக்குப் புடவையை விஆரில் காட்டலாம் என்று 1.2 லட்சத்துக்கு ஒரு ஹெட்செட் வாங்குகிறார் என்று வையுங்கள். ஒரே வருஷத்தில் அது பழசானால் மாசம் 10,000 ரூபாய் செலவு. 3 வருஷம் உழைத்தால் மாசம் 3,333. 5 வருஷம் என்றால் 2,000 ரூபாய். முதல் கணக்கு கட்டுப்படியாகாது. மூணாவது கணக்கு யோசிக்க வைக்கும்.

தறி விஷயத்தில் இந்தச் சுமையைத் தனி ஆள் தலையில் முழுசாகப் போடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் புதிய தறி, ஜக்கார்டு போன்ற உபகரணங்களின் விலையில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. நெசவாளர் 10 சதவீதம் போட்டால் போதும். விஆர் வாங்குபவருக்கு அப்படிக் கைகொடுக்க யாரும் இல்லை.

புது மாடலைவிடப் பெரிய ஆபத்து

உண்மையில் கவலைப்பட வேண்டியது புது மாடல் வருவதைப் பற்றி இல்லை. பழைய மாடலைக் கம்பெனி எப்போது கைவிடும் என்பதைப் பற்றித்தான்.

முதல் குவெஸ்ட்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2024 ஆகஸ்ட் வரைதான் என்று 2023 தொடக்கத்தில் மெட்டா சொல்லிவிட்டது. 2020-ல் வாங்கியவருக்கு 4 வருஷம் கிடைத்தது. அதுகூடப் பரவாயில்லை. விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் வாங்கியவர்கள் நிலைமைதான் பாவம். ஏசர், டெல், எச்பி, லெனோவா, சாம்சங் என்று பல கம்பெனிகள் இதைச் செய்தன. எச்பியின் ரிவெர்ப் ஜி2 2020 கடைசியில் சுமார் 600 டாலருக்கு வந்தது. 2023 டிசம்பரில் இந்த வசதியை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் அது எடுத்தே போடப்பட்டது. கருவியில் ஒரு கீறல்கூட இருக்காது, லென்ஸ் பளிச்சென்று இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரை அப்டேட் செய்தால் அது சும்மா ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. தறி நல்லா இருக்கு, அட்டை மாட்டும் இடத்தை மட்டும் யாரோ வந்து பூட்டிவிட்டுப் போன மாதிரி.

அதே மைக்ரோசாஃப்ட், 3,500 டாலர் ஹோலோலென்ஸ் 2 விஷயத்தில் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொண்டது. 2024-ல் உற்பத்தியை நிறுத்தும்போதே, பாதுகாப்பு அப்டேட் 2027 டிசம்பர் 31 வரை வரும் என்று தேதியோடு சொன்னது. இப்படிக் கடைசித் தேதியை விற்கும்போதே பெட்டியின் மேல் அச்சடித்தால் என்ன? மாத்திரை அட்டையிலேயே எக்ஸ்பைரி இருக்கிறதே!

மாமாவிடம் என்ன சொல்வது?

விஷன் புரோ என்றால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவுக்குப் பிறகு 2024 ஜூன், ஜூலையில் சீனா, ஜப்பான், சிங்கப்பூர், பிரிட்டன், ஜெர்மனி என்று பல நாடுகளில் விற்பனை தொடங்கியது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பழுதானால் சர்வீஸுக்கு எங்கே போவது என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, முகத்தில் பொருந்தும் உறுப்பு வாங்குபவரின் முக அளவைப் பார்த்துத் தரப்படுவது. மாமா முகத்துக்கு அளவெடுத்து வாங்கினால் உங்களுக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை. கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் லென்ஸ் செலவு தனி.

எந்த ஹெட்செட் ஆனாலும், அந்த மாடல் வந்து எத்தனை மாசம் ஆகிறது என்று பாருங்கள். ரெண்டு வருஷம் தாண்டியிருந்தால் விலை குறைந்தால் மட்டும் வாங்கலாம். புதுசாக வந்த முதல் ஆறு மாசத்தில் வாங்கினால் அதிக நாள் உழைக்கும், ஆனால் குவெஸ்ட் புரோ மாதிரி விலை சரிந்தால் நஷ்டம் உங்களுக்கு. பழைய மாடலுக்கு வாங்கிய கேம், ஆப் எல்லாம் அடுத்த மாடலிலும் ஓடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் ஆர்வம்தான், விஆர் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு லட்சம் எதுக்கு? 2023 ஐபிஎல் சமயத்தில் ஜியோ 1,299 ரூபாய்க்கு ஜியோடைவ் என்று ஒன்றை இறக்கியது. உங்கள் போனையே உள்ளே செருகி மாட்டிக்கொள்வது. பெரிய விஆரின் துல்லியத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அரை மணி நேரம் மாட்டிப் பார்த்தால், தலை சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்துவிடும்.