கைகாட்டி மரமும் மனித விழிப்பும்

யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்த புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டு நிறைவெய்தியது. புகையிரதப் பாதையோரத்துக் கைகாட்டி மரத்தைக் கண்டோர் பலர்; அதனுள் உறைந்த நெறியை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

இங்கிலாந்தில் முற்காலத்தே கைகாட்டிகள் ‘செல்க’ என்னும் நிலையிலேயே நின்றன. 1876 சனவரியில் ஆபட்ஸ் ரிப்டன் என்னுமிடத்தில் அவை பனியுறைந்து அந்நிலையிலேயே சிக்கிக்கொள்ள, விரைவுவண்டி கரிவண்டியோடு மோதி உயிர்கள் மாண்டன. அதன்பின் ‘நில்’ என்பதே இயல்பு நிலையாயிற்று. 1889 இல் அயர்லாந்தின் ஆமா நகரருகே பிரிக்கப்பட்ட வண்டித்தொடரின் பின்பகுதி சரிவில் உருண்டோட, 80 பேர் இறந்தனர். அவ்வாண்டே, தொடர் அறுந்தால் தாமாகவே பற்றும் தடைகள் பயணிகள் வண்டிகளுக்குச் சட்டத்தாற் கட்டாயமாயின. பொறி பழுதுறாது என்று நம்பாது, பழுதுறினும் காக்குமாறு அமைத்தலே இவற்றின் நுட்பம்.

ஒற்றைப் பாதையில் வழங்கிய வில்லைமுறையோ மனிதரையும் துணைக்கொண்டது. அடுத்த நிலைய அதிபர் இசைந்தாலன்றிப் பொறி வில்லையைத் தராது. ஒன்று வெளியிலிருக்க மற்றொன்று வாராது.

எனினும் பொறியின் காவல் பாதையோடு முடிகின்றது. 2005 ஏப்பிரலில், பொல்கஹவெலவை அடுத்த கடவையில், தடுப்பைச் சுற்றிக் கடக்க முயன்ற பேருந்தைப் புகையிரதம் மோதிப் பலர் மாண்டனர்.

போரினால் 1990 இல் நின்றுபோன நம் பாதை 2014 இல் யாழ்ப்பாணத்தையும் 2015 இல் காங்கேசன்துறையையும் மீண்டும் அடைந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வண்டியோசை கேளாத ஊர்களுக்குக் கடவை மணியும் விளக்கும் புதியனவாயின. அவை எச்சரிக்கும், நம் கால்களைப் பிடித்து நிறுத்தா. அங்கே ‘நில்’ என்னும் இயல்பு நிலை நம் உள்ளத்திலேயே அமைதல் வேண்டும். அதனை மாணாக்கருக்குப் பழக்குதல் ஆசிரியராகிய எம் கடன்.