உழைப்புக்குப் பீடம் தந்த சிற்பி

கோயில்தோறும் கல்லைப் பேசவைத்த தமிழகத்தில், சாலைச் சந்தியில் மனிதருக்குச் சிலை எழுப்பும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியோடு வேரூன்றியது. சென்னையில் 1839-இல் நிறுவப்பெற்ற மன்றோவின் குதிரைச் சிலை இலண்டன் சிற்பி சான்ட்ரியின் கைவண்ணம். பீடம் ஆள்வோர்க்கே உரியது என்பதே அக்கால நெறி. அந்நெறியை மாற்றிக் காட்டியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

இன்றைய வங்கதேசத்து ரங்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில் 1899-இல் பிறந்த இவர், அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1929-இல் சென்னை அரசு கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். 1850-இல் மருத்துவர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்குத் தலைவரான முதல் இந்தியர் இவரே. கைத்தொழிலுக்கே முதன்மை தந்துவந்த அப்பள்ளி, 1957 வரை நீண்ட இவர்தம் பொறுப்பில், ஓவியரும் சிற்பியரும் உருவாகும் கலைக்கூடமாயிற்று. சிற்பி தனபாலும் ஓவியர் பணிக்கரும் இவர் மாணவர்கள். பின்னாளில் இருவருமே அந்நிறுவனத்தின் முதல்வர்களாயினர். 1954-இல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவராகவும் இவர் அமர்ந்தார்.

இத்துணைப் பெருமைகளினும் மேலானது, 1959-இல் மெரினாவில் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலை. நால்வர் பெரும்பாறையொன்றைப் பெயர்க்கின்றனர். நரம்பு புடைக்கிறது, உடல் வில்லாய் வளைகிறது. அவருள் மன்னனில்லை, தலைவனில்லை. பள்ளிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றனர் என்பர். 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரைக்கு இதனினும் பொருத்தமான சிலை வேறு யாது?

மும்பைவாழ் நமக்கு இது அயலார் செய்தியன்று. ஹுதாத்மா சௌக்கில் தீப்பந்தம் ஏந்திய உழவனையும் தொழிலாளியையும் கண்டு பழகியவர்கள் நாம். தாராவித் தோற்கூடங்களில் உழைத்த நெல்லைச் சீமை முன்னோர்க்கும் அந்நால்வர்க்கும் வேற்றுமை என்ன? ராய் சௌத்ரி பதவியேற்க வந்தார். நம்மவர் வயிற்றுப்பாட்டுக்கு வந்தனர். எனினும், வந்த ஊரைத் தம் ஊராகக் கருதி உழைத்ததில் இருவரும் ஒருவரே. 1975-இல் மறைந்த அவ்வங்கச் சிற்பியின் படைப்பு, இன்று சென்னையின் அடையாளங்களுள் ஒன்று.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகள், ‘நம் ஊர் எது?’ என வினவுகின்றனர். விடுமுறையில் சென்னை செல்லுங்கால் அச்சிலைமுன் அவர்களை நிறுத்தி, அதைச் செய்தவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்வோமாக. பிறந்த மண் ஒன்றாயினும், உழைத்த மண்ணும் நமதே.