கம்பளிக் கணக்கு: டிக்கோயாவில் ஒரு தொப்பியின் கதை

டிசம்பர் மாதத்து உந்துவப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கும். அதிலிருந்து வெசாக் வரைக்கும் எங்க ஊர் ரோட்டுக்கு ஓய்வே கிடையாது. ஹட்டன் ஸ்டேஷனில் இறங்குகிற யாத்திரிகர் கூட்டம் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணிக்குப் போகிறது. 2,243 மீற்றர் உச்சியில் சூரிய உதயம் பார்க்கணும் என்றால் நடுச்சாமத்தில் படியேற வேண்டும். அந்தக் குளிருக்குப் பயந்து பாதையோரக் கடைகளில் பலரும் வாங்குகிற பொருள், காதை மூடுகிற கம்பளித் தொப்பி.

இந்தக் கட்டுரை அந்தத் தொப்பியைப் பற்றியது. ஆனால் யாத்திரிகர் ஒரு ராத்திரிக் குளிரைப் பார்த்துவிட்டுக் காலையில் இறங்கிவிடுவார். வருஷம் முழுக்க இந்த மலையிலேயே வாழ்கிற தலைகளை இத்தனை காலமும் எது மூடியது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

கம்பளியும் கொங்காணியும்

தொப்பிக்கு முன்னால் இங்கே வந்தது கம்பளி. எங்கள் முன்னோர் புறப்பட்ட திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் எல்லாமே வெயில் காய்கிற சீமை. குளிருக்கு என்று தனியாக உடுப்பு வைத்துக்கொள்ள அங்கே தேவை இருந்ததில்லை. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்தபோது, அந்த உடம்புகள் திடீரென்று மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்து மழையிலும் பனியிலும் நின்றன.

டிக்கோயாப் பக்கம் கோப்பிக் காலத்தின் பிற்பகுதியில்தான் காடு வெட்டித் திறக்கப்பட்டது. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத் துரு நோய் கண்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. வோர்லி கிறிஸ்து தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. ஹட்டனுக்கு ரயில் 1884இல் வந்தது. காடு வெட்டியதும், கோப்பி பிடுங்கித் தேயிலை நட்டதும், ரோடு போட்டதும் கம்பளி போர்த்திய ஆட்கள்.

தென்னிந்தியாவில் குரும்பர் போன்ற ஆடு மேய்க்கும் சமூகத்தார் ஆட்டு மயிரை நூற்றுத் தறியில் நெய்யும் முரட்டுக் கம்பளி அது. உடம்பில் பட்டால் குத்தும். ஆனால் நனைந்தாலும் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். மழைக்கு அதை ஒரு பக்கம் மடித்துக் குல்லா மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டால் முதுகு வரைக்கும் தொங்கும். இதற்குத் தமிழில் கொங்காணி என்று பழைய பெயர் உண்டு. பகலில் மலையில் கொங்காணியாக இருந்த அதே கம்பளிதான் ராத்திரி லயத்தில் படுக்கை, போர்வை, பிள்ளையைச் சுற்றும் துணி எல்லாம்.

கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கூடையின் கயிறு தலையில்தான் தொங்குகிறது. கொழுந்து நிறைய நிறைய, மழையில் நனைய நனைய, கயிறு தலையை அழுத்தும். அதனால் கயிற்றுக்கு அடியில் மடித்த துணி ஒன்று வேண்டும். குளிரை மறைக்கிறதும் பாரத்தைத் தாங்குகிறதும் ஒரே துணி. இந்த மலையில் தலைத்துணி என்பது வேலைக் கருவி.

சும்மா வந்த கம்பளியா?

துரைமார் எழுதிவைத்த தோட்டக் குறிப்புகளில் 'கம்ப்ளி' என்று இந்தச் சாமான் அடிக்கடி வரும். படிக்கிறவர், பரவாயில்லையே, குளிருக்குக் கம்பளி கொடுத்திருக்கிறார்களே என்று நினைக்கலாம். பெரும்பாலும் அது பற்றில் எழுதப்பட்ட கம்பளி. ஊரிலிருந்து வந்த வழிச்செலவு, கங்காணி கொடுத்த முன்பணம், அரிசி, கம்பளி எல்லாம் ஒரே கடன் கணக்கில் ஏறும். சம்பளம் போடுகிற நாளில் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள்.

அந்தக் கடனுக்கு ஒரு கடுதாசியும் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டில் எழுதிய கடனைப் புதுத் தோட்டம் கட்டியாக வேண்டும். ஆள் மாறினாலும் கடன் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். வேறு விதமாகச் சொன்னால், குளிருக்குப் போர்த்திக்கொண்டது அவர்களை அதே மலையில் கட்டிவைக்கவும் உதவியது.

துணிக்கும் இந்த வரலாற்றுக்கும் உள்ள உறவைக் காட்டுகிற ஒரு சம்பவத்தை எங்கள் வயசுக்காரர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்ட மக்களின் நிலையை நேரில் பார்க்க விரும்பினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தடையில்லாமல் லயத்து வாசல் வரைக்கும் போக முடிந்தவர்களில் புடவை வியாபாரியும் ஒருவர். ஆகவே நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போனார். பின்னாளில், 1931இல், அவர் ஆரம்பித்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் எங்களுக்குப் பக்கத்து ஹட்டனைத் தளமாகக் கொண்டது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் பாடி மக்களைத் திரட்டினார். இங்கே தொழிற்சங்க வரலாறு துணி மூட்டையோடுதான் லயத்துக்குள் நுழைந்தது.

வேறு நாட்டுத் தலைகள்

ஒருவருடைய தலையில் எது இருக்க வேண்டும் என்பதை இன்னொருவர் தீர்மானிப்பது உலகத்துக்குப் புதுசில்லை. 1571இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு வயசுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாளிலும் உள்நாட்டில் பின்னிய கம்பளித் தொப்பி போட வேண்டும், தவறினால் அபராதம். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் விலக்கு! கம்பளித் தொழிலைக் காப்பாற்றுவதற்காக ஏழைகளின் தலையில் தொப்பியைக் கவிழ்த்த இந்தச் சட்டம் 1597இல் நீக்கப்பட்டது.

அடுத்த நூற்றாண்டுகளில் கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த ஆப்பிரிக்க மக்களுக்கு, வேல்ஸ் நாட்டுக் கிராமங்களில் நெய்த முரட்டுக் கம்பளித் துணி கப்பலில் போனது. நெய்த வேல்ஸ்காரரும் ஏழை, உடுத்தியவரோ அடிமை. நடுவில் இருந்த வியாபாரிக்குத்தான் லாபம். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1834இல். அதே பத்தாண்டில்தான் இலங்கைக் கோப்பி வேகமாக வளரத் தொடங்கியது. தோட்டம் என்ற ஏற்பாடு கடல் தாண்டி வந்தபோது, மலிவான முரட்டுத் துணி என்ற பழக்கமும் கூடவே வந்துவிட்டது. அடிமைக்கு எசமான் துணி கொடுத்தான். 'சுதந்திரக் கூலி' என்று பெயர் வாங்கிய எங்கள் ஆட்கள் தங்கள் கம்பளிக்குத் தாங்களே கடன்பட்டார்கள்.

ஊசி பிடித்த கை

நெய்த கம்பளிக்குத் தறி வேண்டும். பின்னிய தொப்பிக்கு இரண்டு ஊசியும் ஒரு உருண்டை நூலும் போதும். இந்தச் சின்ன வித்தியாசம் பெரியது. லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் தறி போட இடமில்லை. ஆனால் அடுப்படியில் குந்திக்கொண்டு, பிள்ளைமடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு பின்னலாம். வேலையைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. செக்ரோலில் பேர் விழாத நேரமெல்லாம் அதற்குப் போதும்.

முக்கியமாகப் பின்ன வேண்டியது பிறந்த பிள்ளைக்கு. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. பெரியவர்கள் விஷயத்தில் அது சரியில்லை. தலை உடம்புப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் போகும். ஆனால் பச்சைப் பிள்ளைக்குத் தலை பெரிசு, உடம்புப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஈரத்தோடு பிறக்கிற பிள்ளை சூட்டை வேகமாக இழக்கும். எடை குறைந்த பிள்ளை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், இன்குபேட்டர் போதாத நிலையில், குறைமாதப் பிள்ளையைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று அது உலகம் முழுக்கப் பரவியது. அந்த முறையிலும் பிள்ளையின் தலைக்கு ஒரு தொப்பி உண்டு.

இதை எங்கள் ஊரில் வைத்து யோசியுங்கள். தகரக் கூரை, ஈரத் தரை, கர்ப்பத்திலும் மலையேறிய தாய். தோட்டங்களில் சிசு மரணம் நீண்ட காலம் நாட்டின் சராசரியை விட அதிகமாக இருந்தது. 1974 பஞ்சத்தில் நிலைமை இன்னும் மோசமானது. அந்தச் சாவுகளைத் தொப்பி தடுத்திருக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தடுக்க வேண்டியது சோறும் வீடும் மருத்துவமும் தாய்க்கு ஓய்வும். ஆனால் எதுவுமே கையில் இல்லாத இடத்தில், பாட்டியோ அத்தையோ செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியம் அந்தச் சின்னத் தொப்பி. யாருடைய கணக்கிலும் பற்று எழுதாத கம்பளி அது.

ஒரு சாயங்காலத்துத் தொப்பி

பின்னத் தெரியாதவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, 10 சென்ரிமீற்றர் அகலத்தில் எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணுங்கள். 16 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் தலைச் சுற்றளவு 55 என்றால் தொப்பி 50 போதும், இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். ஆக 80 கண்ணி. பிறந்த பிள்ளையின் தலை ஏறத்தாழ 35, தொப்பி 32, ஆக 52 கண்ணி. இரண்டு நேர், இரண்டு எதிர் என்று மாற்றி மாற்றி, பெரியவருக்கு 22 சென்ரிமீற்றரும் பிள்ளைக்கு 14ம் பின்னுங்கள். நூலை நீளமாக வெட்டி, ஊசியில் இருக்கும் கண்ணிகள் எல்லாவற்றிலும் கோத்து, சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டி, பக்கத்தைத் தைத்தால் முடிந்தது. பிள்ளைத் தொப்பிக்குக் குஞ்சமோ கட்டுக் கயிறோ வேண்டாம். கொழுந்துக்குப் போகிறவருக்கும் குஞ்சம் வேண்டாம், கூடைக் கயிறு அதன் மேல்தான் உட்காரும். விறகு அடுப்புப் பக்கம் இருப்பவருக்கு அக்ரிலிக் நூல் ஆகாது. தீப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும்.

விற்றால் என்ன வரும்?

தோட்டத்துப் பெண்கள் தொப்பி பின்னி விற்றால் வருமானம் வருமே என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். பல வருஷம் இழுபட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் வந்தது. எட்டு மணி நேரத்துக்கு 1,000 என்றால் மணிக்கு 125. நல்ல பழக்கமுள்ள கைக்கு ஒரு பெரியவர் தொப்பிக்கு நாலு மணி நேரம் என்று வைத்தாலும் உழைப்பு மட்டும் 500 ரூபாய். நூல் காசு தனி. பிறகு சம்பளம் கூடியிருக்கிறது, ஆகவே இந்தத் தொகையும் கூடத்தான் வேண்டும். நுவரெலியா பேல் பஜாரில் குவிந்து கிடக்கிற, மெஷினில் பின்னிய தொப்பியோடு இந்த விலை போட்டி போட முடியாது. போட்டி போட வேண்டுமானால் அவள் தன் நேரத்தைச் சும்மா கொடுக்க வேண்டும். பழைய பற்றுக் கணக்கு புது ரூபத்தில் வருவது இப்படித்தான்.

தர்மத்துக்குக் கொடுப்பதிலும் இதே கேள்வி உண்டு. குளிர் காலத்தில் தோட்டப் பிள்ளைகளுக்குத் தொப்பி கொண்டுவந்து, வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தொப்பி நல்லது, படம் வேண்டாம். பிறந்த பிள்ளைக்கு என்றால் ஆஸ்பத்திரி வார்டிலோ குடும்ப நல மருத்துவிச்சியிடமோ என்ன அளவு, எத்தனை வேண்டும் என்று கேட்டுப் பின்னிக் கொடுப்பதே போதும். மலையில் வேலை செய்கிற ஆளுக்கு மழைக்கோட்டும் குளிர் உடுப்பும் கொடுக்க வேண்டியது கம்பனி. அது தர்மக் கணக்கில் வரக்கூடாது. இன்றைக்கும் பொலித்தீன் தாளைக் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கிற பெண்களைப் பார்க்கும்போது, கம்பளிக் காலத்தை விட நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

2023இல் மலையகத்துக்கு 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஆட்கள் நடந்தார்கள். அந்த வரலாற்றில் பெரிய சட்டங்களும் ஒப்பந்தங்களும் ஓரளவு எழுதப்பட்டுவிட்டன. கம்பளி, இரட்டு, படங்கு, தொப்பி இவை இன்னும் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன. அதைச் சொல்லக்கூடிய வயசுக்காரர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இந்தத் தைக் குளிர் முடிவதற்குள் உங்கள் வீட்டு அம்மாயியிடமோ அப்பாயியிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். உங்களுக்கு முதல் கம்பளி யார் கொடுத்தது? சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள்? பின்னல் யாரிடம் பழகினீர்கள்? அவர்கள் சொல்கிறதை அவர்கள் பேச்சிலேயே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.