ஊவா மலைப் பாதைகள்: ஏவலும் உலாவலும்

பதுளையைச் சூழ்ந்த மலைகளில் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. மாட்டு வண்டித் தடம், குதிரைப் பாதை, தேயிலைச் செடிகளினூடே ஏறியிறங்கும் ஒற்றையடிப் பாதை என அவை பலவகைப்படும். அவற்றில் பிறர் ஏவிய வேலைக்காக நடந்தோர் பல்லாயிரவர். தம் விருப்பின்படி உலாவியவரோ மிகச் சிலர்.

இன்றைய இளைஞர் கணினித் திரையில் ஆடும் விளையாட்டுகளிலும் இவ்விரு நடையும் உண்டு. பரந்த கற்பனை உலகொன்றைக் காட்டி, இன்ன பொருளைக் கொண்டு வா, இன்ன பகைவனை வெல் என்று பணிகளை அடுக்கித் தருபவை அவ்விளையாட்டுகள். பணிகளை ஒவ்வொன்றாக முடித்துப் பரிசு பெறலாம். அன்றிப் பணியை மறந்து, அம்மலைக்கு அப்பால் யாதுளது என்று பார்க்கப் போகலாம். 2002இல் வெளிவந்த ‘மாரோவிண்ட்’ என்னும் விளையாட்டில் வழிதேடுவோனுக்கு ஊரார் வாய்ச்சொல்லே துணை. அவ்வரிசையில் 2006இல் வந்த ‘ஒப்ளிவியன்’ திசைகாட்டியிலேயே செல்லுமிடத்துக்குக் குறி வைத்துவிட்டது. வழி தவறுவது குறைந்தது. வழியில் எதையேனும் எதிர்பாராது காண்பதும் குறைந்தது என்பது பழைய ஆட்டக்காரர் சிலரது குறை. எது சிறந்தது என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கே ஆடுபவனுக்கு உண்டு. ஊவா மலைகளில் அவ்வுரிமை யாருக்கு இருந்தது?

1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த ஜோன் டேவி ஆங்கிலப் படையின் மருத்துவர். புகழ்பெற்ற இரசாயன அறிஞர் சர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. ஏவலுக்கு உட்பட்ட ஊழியரே எனினும், ஏவிய வேலையோடு நின்றவரல்லர். கல்லையும் மண்ணையும் நீரையும் சோதித்தார். கதிர்காமக் கோயிலையும் சென்று கண்டார். 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கில ஆட்சி கொடுமையாக அடக்கியது. அவ்வாட்சியின் சம்பளம் பெற்ற டேவியே, போரிலும் நோயிலும் பசியிலும் மாண்ட சுதேசிகள் பதினாயிரவர் வரை இருக்கலாம் என்று 1821இல் வெளியிட்ட நூலில் எழுதினார். மருத்துவரின் கடமைப் பட்டியலில் அடங்கிய கணக்கன்று அது.

உலாவல் எல்லாம் இத்தகைய நற்பயன் தருமென்று எண்ணிவிடலாகாது. பதுளையில் அரசாங்க உதவி ஏஜெண்டாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் வீதிகள் அமைப்பதில் வல்லவர். நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. அவரும் ஓய்வின்றிக் காடுகளில் உலாவினார். அவ்வுலாவலில் அவர் துப்பாக்கிக்கு இரையான யானைகள் 1,400க்கு மேல் என்பர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார்.

இவர்களுக்குப் பின் கோப்பித் தோட்டங்களும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் ஊவாவில் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு நாள் முழுவதும் ஏவல்தான். விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக்களத்தில் இன்னார் இன்ன நம்பர் மலைக்கு என்று கணக்கு ஓதப்படும். குறித்த இறாத்தல் கொழுந்து நிறுவையில் நின்றால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போகவோ ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடன் தீர்ந்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. எதிர்மலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும். துண்டின்றிக் கால் அங்கே செல்லாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் லயத்துக்குச் செல்லும் பாதை தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது. வெளியார் அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு.

இதனாலன்றோ, தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் புகுந்தார். மூட்டை சுமந்து விற்க வந்தவனைக் காவற்காரன் தடுக்கவில்லை. பார்க்க வந்தவனைத் தடுத்திருப்பான். பார்ப்பதற்கே வேடம் வேண்டியிருந்த காலம் அது. அவ்வாறு அவர் கண்டறிந்த துயரங்கள் பின்னர் பத்திரிகைகளில் எழுத்தாயின, தொழிற்சங்கமும் ஆயின.

எனினும் ஏவலுக்கு நடந்தோர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாரல்லர். துரைமார் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டிய தோட்டங்களுக்கு இவர்கள் வேறு தமிழ்ப் பெயர்களை வழங்கினர். முடக்கையும் கானையும் ஊற்றையும் காலால் அறிந்தனர். எந்தச் சரிவில் அட்டை மிகும், எங்கே மண் சரியும் என்பது துரையின் வரைபடத்தில் இல்லை. அவர்கள் பேச்சில் இருந்தது.

இன்று அப்பழைய தோட்டப் பாதைகள் பலவற்றை இணைத்து, கண்டிக்கு அண்மையிலிருந்து அப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியா வரை, 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைவழி ஒன்று அமைந்துள்ளது. பீக்கோ நடைவழி என்பது அதன் பெயர். 22 பகுதிகள் கொண்டது. உலாவுவதற்கென்றே தொலைநாடுகளிலிருந்து வந்து அதில் நடக்கிறார்கள். கையிலுள்ள கருவி வழிகாட்டத் தவறும்போது அவர்கள் முடக்கில் நின்று மேலே பார்க்கிறார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவள் கையை நீட்டி வழியைக் காட்டிவிட்டு, நிறுவைக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பிக் கொள்கிறாள்.