காங்கோ ரப்பரும் ஒரு கணக்கேடும்

ரப்பர் மரத்திற்குப் ‘பால்மரம்’ என்று பெயரிட்டு வழங்கியவர்கள் இந்நாட்டுத் தோட்டத் தமிழர்கள். ஆங்கிலச் சொல்லோ மரத்தைக் குறித்து எழுந்ததன்று. பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்கும் பொருள் என்பதால் 18ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட பெயர் அது. நம் மாணவர்கள் இன்றும் அழிப்பானை ரப்பர் என்றே கேட்டு வாங்குகின்றனர். 1892இல் ஆங்கிலோ-பெல்ஜியன் இந்தியா ரப்பர் கம்பெனி என்றொரு நிறுவனம் தோன்றியது. பெயரில் இந்தியா இருப்பினும் இந்தியாவோடு அதற்குத் தொடர்பில்லை. ‘இந்தியா ரப்பர்’ என்பது அப்பொருளுக்கு அந்நாளில் வழங்கிய பெயர், அவ்வளவே. அது ரப்பர் எடுத்தது ஆப்பிரிக்காவின் காங்கோ காடுகளில். பன்னாட்டு வணிகம் இழைக்கும் கொடுமைகளைக் கண்காணித்து உலகிற்கு உரைக்கும் அமைப்புகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அக்காடுகளைக் கடந்து செல்ல இயலாது.

1885 முதல் காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாக இருந்தது. அதன் பெயர் ‘காங்கோ சுதந்திர நாடு’. சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் டயர் தேவைப்பட்ட காலம். காட்டுக்கொடிகளிலிருந்து பால் எடுத்துவர ஊருக்கு இவ்வளவு என அளவு விதிக்கப்பட்டது. அதற்கு ‘வரி’ என்று பெயர். அளவு குறைந்தால் பெண்கள் பிணையாகச் சிறைப்பட்டனர், ஊர்கள் எரிந்தன. தோட்டாக்களை வீணாக்கவில்லை என்று காட்டப் படைவீரர்கள் வெட்டிய கைகளைக் கொண்டுவந்தனர். சுதந்திரம், வரி, வணிகம் ஆகிய மூன்று சொற்களும் அங்கே தத்தம் பொருளுக்கு நேர்மாறாக வழங்கின.

இதனை முதலில் விளங்கிக்கொண்டவர்களுள் ஒருவர் காங்கோவைக் கண்ணால் கண்டவரல்லர். எட்மண்ட் மொரெல், லிவர்பூல் கப்பல் நிறுவனமொன்றின் எழுத்தர். பிரெஞ்சு அறிந்தவர் என்பதால் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திற்கு அடிக்கடி அனுப்பப்பட்டார். காங்கோவிலிருந்து வந்த கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிரம்பியிருந்தன. திரும்பிச் சென்றவற்றிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவுமே இருந்தன. விற்பனைப் பண்டம் மிகச் சிறிது. வாங்கிய பொருளுக்கு ஈடாக எதுவும் போகவில்லையெனில் அதனை வணிகம் என்பதெப்படி? கணக்கேட்டின் ஒரு பக்கம் வெறுமையாக இருந்ததிலிருந்தே அடிமை உழைப்பை அவர் உய்த்துணர்ந்தார். 1901இல் பணியை விட்டு விலகி முழுநேரமும் எழுதத் தொடங்கினார்.

பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மெண்ட் 1903இல் காங்கோவின் உள்நாட்டிற்குச் சென்று மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார். மறு ஆண்டு அவ்வறிக்கையை வெளியிட்ட அமைச்சகம் ஆள்பெயர், ஊர்ப்பெயர் அனைத்தையும் நீக்கி வெறும் எழுத்துகளை இட்டது. கேஸ்மெண்ட் சினங்கொண்டார். மொழியியலாளன் என்ற முறையில் அச்சினம் எனக்கு நன்கு விளங்குகிறது: பெயரும் ஊரும் இழந்த சாட்சியம் கட்டுக்கதைபோல் ஒலிக்கும். ஆயினும் பெயரை வெளியிட்டால் சாட்சி சொன்னவர் கதி என்னாகும் என்பதும் மெய்யான அச்சமே. இன்றைய கண்காணிப்பு அமைப்புகளும் இவ்விரண்டிற்கும் இடையேதான் நின்று தவிக்கின்றன.

1904 மார்ச்சில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. சமயப் பணியாளர் ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த நிழற்படங்கள் கூட்டந்தோறும் திரையில் காட்டப்பெற்றன. தன் மகளின் துண்டிக்கப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ன்சாலா என்னும் தந்தையின் படம் அவற்றுள் ஒன்று. மன்னர் தாமே அமைத்த விசாரணைக் குழுவும் 1905இல் குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. ஆனால் காங்கோ மக்கள் அக்குழுவிடம் அளித்த வாக்குமூலங்கள் அறிக்கையோடு அச்சேறவில்லை. பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் பூட்டிக் கிடந்தன. 1908இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய அரசிடம் சென்றது.

இவ்வரலாற்றை மொரெல், கேஸ்மெண்ட் இருவரின் வரலாறாகவே சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. 1890இலேயே காங்கோவை நேரில் கண்டு லியோபோல்டுக்கு வெளிப்படையான மடல் எழுதியவர் அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ். ‘மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்கள்’ என்ற தொடரை அவர் அவ்வாண்டிலேயே ஆண்டார். போமா நகரில் வணிகம் செய்த நைஜீரியரான ஹெசகையா ஆண்ட்ரூ ஷானு, மொரெலுக்கு ஆவணங்களை இரகசியமாக அனுப்பினார். செய்தி வெளியாயிற்று. அரசு ஊழியர்கள் அவர் கடையைப் புறக்கணிக்குமாறு செய்யப்பட்டனர், தொழில் அழிந்தது. 1905இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

சங்கம் 1913இல் தன் பணி முடிந்ததெனக் கலைந்தது. கட்டாய உழைப்பு காங்கோவில் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. காட்டு ரப்பரின் காலந்தான் முடிந்துகொண்டிருந்தது. அதை முடித்ததில் சங்கத்தைவிடச் சந்தைக்குப் பங்கு மிகுதி என்பேன். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயாவில் வளர்ந்து, மலிவான தோட்ட ரப்பர் உலகச் சந்தையில் காட்டு ரப்பரை முந்தியது அவ்வாண்டுகளில்தான். அம்மரங்களில் பால் வெட்டியோருள் பெரும்பாலோர் தமிழர். இங்கு அவர்களைப் பிணித்திருந்த ஒப்பந்தக்கூலி முறை 1910இல்தான் நீக்கப்பட்டது. கங்காணி முறையோ அதன் பின்னரும் நீடித்தது.