யோசனை வற்றிய வேளையில் தோழர்களின் சபை

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த தொடக்க காலத்தில், பள்ளிவாசல் எழும்பிவிட்டது. ஐவேளைத் தொழுகையும் நடந்தது. ஆனால் தொழுகைக்கு மக்களை அழைக்கும் வழி ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் நேரத்தைத் தாமாகவே மதித்துக் கொண்டு பள்ளிக்கு வருவர். சிலர் முன்னதாக வந்து காத்திருப்பர். சிலர் தோட்டத்து வேலையிலோ கடைத்தெருவிலோ இருந்து ஓடிவருவதற்குள் ஜமாஅத் முடிந்திருக்கும். மக்காவில் ஒளிந்து மறைந்து தொழுதவர்களுக்கு, ஊரறிய அழைப்பது எப்படி என்ற கேள்வியே புதிது. முன்மாதிரி எதுவும் அவர்கள் கையில் இல்லை.

அண்ணலார் இதைத் தோழர்களின் சபையில் வைத்தார்கள். தொழுகை நேரத்தில் கொடி ஒன்றை உயர்த்தலாம், கண்டவர் காணாதவருக்குச் சொல்வர் என்றார் ஒருவர். யூதர்களைப் போலக் கொம்பு ஊதலாம் என்றார் மற்றொருவர். கிறிஸ்தவர்கள் தட்டி ஒலியெழுப்பும் நாகூஸைப் பயன்படுத்தலாம் என்ற கருத்தும் வந்தது. ஓர் ஆளை அனுப்பி அழைக்கச் செய்தால் என்ன என்று கேட்டவர் உமர் (ரலி) அவர்கள். வந்த யோசனைகளில் பெரும்பாலானவை அக்கம்பக்கத்துச் சமயத்தாரிடம் கண்டவையே. கற்பனை வறண்ட இடத்தில் மனிதர் முதலில் பக்கத்து வீட்டைத்தான் எட்டிப் பார்க்கின்றனர், அதில் வியப்பில்லை. எவரும் கேலிக்கு ஆளாகவில்லை என்பதுதான் அந்தச் சபையில் கவனிக்கத்தக்கது. கொம்பும் நாகூஸும் அண்ணலாரின் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆயினும் அவற்றைச் சொன்னவர்கள் தலைகுனிந்து வெளியேறியதாக எந்த அறிவிப்பும் இல்லை.

கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. இறுதி விடை அங்கிருந்து எழுந்து சென்ற ஒருவரின் உறக்கத்தில் கிடைத்தது. கஸ்ரஜ் கோத்திரத்து அப்துல்லாஹ் இப்னு ஸைத் இப்னு அப்து ரப்பிஹி (ரலி) அவர்கள், அண்ணலாரின் கவலையைத் தம் கவலையாகச் சுமந்துகொண்டு வீடு சென்றார்கள். (வுளூச் செய்யும் முறையை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு ஸைத் வேறொருவர், பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்வோர் உண்டு.) அன்றிரவுக் கனவில் ஒரு மனிதர் கையில் நாகூஸுடன் எதிர்ப்பட்டார். அதை விலைக்குத் தருவீரா என்று இவர் கேட்க, எதற்கு என்று அவர் வினவ, தொழுகைக்கு அழைக்க என்று இவர் சொல்ல, அதனினும் மேலானதைச் சொல்கிறேன் என்று பாங்கின் வாசகங்களை அவர் கற்றுக்கொடுத்தார். காலையில் செய்தி அண்ணலாரிடம் சென்றது. அது உண்மைக் கனவே என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்குப் பின் நடந்த இரண்டு செய்திகள் நம் பயான்களில் விரைந்து கடந்து செல்லப்படுகின்றன. கனவு கண்டவர் அப்துல்லாஹ். ஆனால் பாங்கு சொல்லும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுக்குத் தரப்பட்டது. அவரது குரல் உம்முடையதைவிட ஓங்கியது, நீர் சொல்லிக்கொடும், அவர் அழைக்கட்டும் என்பதே அண்ணலாரின் ஏற்பாடு. யோசனையைத் தந்தவரே அதை நடத்தவும் வேண்டும், பெயரும் அவருக்கே சேரவேண்டும் என்ற வழக்கு அங்கே இல்லை. அப்துல்லாஹ் வாசகம் வாசகமாக எடுத்துச் சொல்ல, பிலால் குரலெடுத்து முழங்கினார். பின்னாளில் பள்ளிக்கு அருகே பனூ நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவரின் வீடு மற்றவற்றினும் உயரமாக இருந்ததால், அதன் கூரையில் ஏறி அமர்ந்து வைகறையை எதிர்பார்த்திருந்து பிலால் ஃபஜ்ருடைய பாங்கைச் சொல்லி வந்தார்கள். ஒருவரின் கனவு, இன்னொருவரின் குரல், ஒரு பெண்மணியின் வீட்டுக் கூரை என மூன்றும் சேர்ந்துதான் மதீனாவின் காலை விடிந்தது.

இரண்டாவது செய்தி உமர் (ரலி) அவர்களைப் பற்றியது. பாங்கின் ஒலி கேட்டு மேலாடை தரையில் இழுபட விரைந்து வந்த அவர்கள், தாமும் இதே கனவைக் கண்டதாகச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள ஓர் அறிவிப்பின்படி, இருபது நாள்களுக்கு முன்பே கண்டு, சொல்லாமல் மறைத்திருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று அண்ணலார் கேட்டபோது, அப்துல்லாஹ் முந்திக்கொண்டார், எனக்கு வெட்கமாயிற்று என்றார்கள். அஞ்சாமைக்குப் பெயர் பெற்ற உமருக்கே ஒரு யோசனையை வாய்விட்டுச் சொல்ல நா எழவில்லை! அப்படியிருக்க, நம் வீட்டின் கடைக்குட்டியும் மஹல்லாவின் இளைஞனும் பெரியவர்கள் முன் வாய் மூடி நிற்பதில் என்ன புதுமை? மஷூரா என்று அழைத்துவிட்டு, முடிவை முன்னமே எடுத்து வைத்திருக்கும் கூட்டங்கள் நம்மிடையே குறைவல்ல என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தோழர்களிடம் யோசனை கேட்பது எப்போதும் இனிய முடிவையே தந்துவிடுமா? ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டின் உஹுத் இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது. மக்கத்துப் படை நெருங்கியபோது, நகருக்குள்ளேயே இருந்து எதிர்கொள்வதுதான் அண்ணலாரின் விருப்பமாக இருந்தது. பத்ரில் பங்குபெறும் வாய்ப்பை இழந்த இளைஞர்களோ வெளியே சென்று பொருத வேண்டும் என்று துடித்தனர். அண்ணலார் பலரின் விருப்பத்துக்கு இசைந்து, உள்ளே சென்று போர்க் கவசம் அணிந்து வந்தார்கள். இளைஞர்கள் மனம் வருந்தி, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்று பின்வாங்கினார்கள். கவசம் அணிந்த நபி, போர் முடியும் முன் அதைக் களைவது தகாது என்று அண்ணலார் மறுத்துவிட்டார்கள். விளைவு நாமறிந்ததே. ஏறத்தாழ 70 தோழர்கள் ஷஹீதானார்கள்; ஹம்ஸா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர்.

இத்தகைய இழப்புக்குப் பின் ஒரு தலைவர், இனி எவரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தால் உலகம் அதை நியாயம் என்றே சொல்லும். ஆனால் உஹுதைப் பற்றிப் பேசும் ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம், அவர்களை மன்னிக்கவும் அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும் பணித்துவிட்டு, அடுத்து அவர்களுடன் கலந்தாலோசிக்கவும் பணிக்கிறது. காயம் ஆறுமுன் இந்தக் கட்டளை. விளைவு கசந்ததற்காக ஆலோசனையின் கதவு அடைக்கப்படவில்லை.

அதன் பலன் ஹிஜ்ரி 5-இல் தெரிந்தது. குறைஷிகளும் கத்ஃபான் கோத்திரத்தாரும் பிறரும் கூட்டணி சேர்ந்து ஏறத்தாழ 10,000 பேராக மதீனாவை நோக்கி வந்தனர். முஸ்லிம்கள் தரப்பில் சுமார் 3,000 பேர். வெளியே சென்றால் உஹுத் நினைவு. உள்ளேயே இருந்தால் குதிரைப்படை நேராக ஊருக்குள் நுழையும். அரபியர் அறிந்த போர்முறைகளில் இதற்கு விடை இல்லை. அப்போது ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள், பாரசீகத்தில் குதிரைப்படைக்கு அஞ்சினால் அகழ் தோண்டுவது வழக்கம் என்று எடுத்துரைத்ததாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்கின்றனர். கந்தக் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து அரபிக்குச் சென்றதுதான். (நாம் சொல்லும் பாங்கு என்ற சொல்லும் பாரசீக வழி வந்ததே.)

ஸல்மான் அன்று யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இஸ்ஃபஹான் பகுதியில் பிறந்து, மெய்யான மார்க்கத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து, வழியில் அடிமையாக விற்கப்பட்டு மதீனாவுக்கு வந்தவர். அடிமைத்தளை காரணமாகப் பத்ரிலும் உஹுதிலும் அவரால் பங்குபெற இயலவில்லை. 300 பேரீச்சங் கன்றுகளை நட்டுத் தருவதும் 40 ஊக்கியா பொன் தருவதும் அவரது விடுதலையின் விலை. உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று அண்ணலார் சொன்னபோது தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து எனத் தத்தம் வசதிக்கேற்பக் கன்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணலார் தம் கையாலேயே அவற்றை நட்டார்கள். அவ்வாறு விடுதலையடைந்தவர் கலந்துகொண்ட முதற்போர் அகழ்ப்போர். அரபு மண்ணில் கோத்திரமோ குலமோ இல்லாத அந்த மனிதரின் சொல்லுக்கு ஒரு நகரமே மண்வெட்டி எடுத்தது.

மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் கரிய எரிமலைப் பாறை வெளிகள் இயற்கை அரண்களாக இருந்தன. வடபுறமே திறந்த வெளி. அகழ் அங்கேதான் வேண்டியிருந்தது. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று வேலை பங்கிடப்பட்டது. பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு உழைத்த நாள்கள் அவை. அண்ணலாரும் மண் சுமந்தார்கள்; அவர்களின் வயிற்றைப் புழுதி மூடியிருந்ததைக் கண்டவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பின்புறம் ஸல்உ மலை, முன்புறம் அகழ். வந்து சேர்ந்த கூட்டணிப் படை கண்டறியாத இந்தத் தடையின் முன் திகைத்து நின்றது. ஓரிடத்தில் அகழ் குறுகியிருந்ததைக் கண்டு அம்ர் இப்னு அப்து வுத் முதலிய சில குதிரை வீரர்கள் தாண்டி வந்தனர். அம்ரை அலீ (ரலி) அவர்கள் எதிர்கொண்டு வீழ்த்தினார்கள். பெரும்படையால் அகழைக் கடக்க முடியவில்லை.

முற்றுகை நீண்டது. கத்ஃபான் தலைவர்களுக்கு மதீனாவின் பேரீச்சை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பலாமா என்று அண்ணலார் எண்ணினார்கள். பேச்சு எழுத்து வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மரங்கள் அன்ஸாரிகளுடையவை. ஆகவே அவ்ஸின் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி), கஸ்ரஜின் தலைவர் ஸஅத் இப்னு உபாதா (ரலி) இருவரையும் அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் முதலில் கேட்ட கேள்விதான் அந்தத் தலைமுறையின் சிறப்பு: இது அல்லாஹ்வின் கட்டளையா, தாங்கள் விரும்பும் செயலா, அல்லது எங்களுக்காகச் செய்ய எண்ணியதா? பத்ரில் முகாமிடும் இடத்தைப் பற்றி ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) கேட்டதாக ஸீராவில் வரும் கேள்வியும் இதே வகைதான். வஹீ என்றால் மறுபேச்சு இல்லை. யோசனை என்றால் எங்களுக்கும் சொல்ல உண்டு. உங்களுக்காகவே எண்ணினேன் என்று விடை வந்ததும், சிலைகளை வணங்கிய காலத்திலேயே விருந்தாகவோ விலைக்கோ அன்றி எங்கள் பழம் ஒன்றைக்கூட இவர்கள் உண்டதில்லை, இஸ்லாத்தால் கண்ணியம் பெற்றபின் கொடுப்போமா என்று மறுத்தார்கள். எழுதிய ஏடு அழிக்கப்பட்டது. கேட்டதும் அண்ணலார், தம் யோசனையைக் கைவிட்டதும் அண்ணலாரே.

மறு ஆண்டு ஹுதைபிய்யாவில் ஆலோசனை கூடாரத்துக்குள்ளிருந்து வந்தது. உம்ராவுக்கென்று புறப்பட்ட ஆயிரத்து நானூறு பேர் அளவிலான தோழர்கள், கஅபாவைக் காணாமலே திரும்ப வேண்டும் என்ற உடன்படிக்கையால் நெஞ்சுடைந்து கிடந்தனர். குர்பானிப் பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அண்ணலார் உள்ளே சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிலையைச் சொன்னார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே சென்று தங்கள் ஒட்டகத்தை அறுத்து, நாவிதரை அழைத்து முடி களையுங்கள் என்றார்கள் அன்னையவர்கள். அவ்வாறே செய்ததும், கண்டவர்கள் அனைவரும் எழுந்து தத்தம் பிராணிகளை அறுக்கத் தொடங்கினர். சொல் தோற்ற இடத்தில் செயல் வெல்லும் என்ற மன இயல்பை அறிந்த யோசனை அது. பெண்புத்தி பின்புத்தி என்று பழமொழி பேசுவோர் இந்த வரலாற்றை எங்கே வைப்பார்களோ தெரியவில்லை.

அண்ணலாரின் மறைவுக்குப் பின்னும் இவ்வழக்கம் தொடர்ந்தது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் எல்லைகள் விரிந்தன, கடிதங்கள் பெருகின. ஷஅபான் என்று மட்டும் குறித்த ஆவணம் ஒன்று வந்தபோது, எந்த ஷஅபான், சென்றதா வரப்போவதா என்ற ஐயம் எழுந்தது. கலீஃபாவின் கடிதங்களில் தேதி இல்லை என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதியதாகவும் வருகிறது. உமர் தோழர்களைக் கூட்டினார்கள். ரோமர்களின் கணக்கு, பாரசீகர்களின் கணக்கு என்று இங்கும் முதலில் அண்டை அயலாரின் வழிகளே பேசப்பட்டன. பிறகு நபியவர்களின் பிறப்பு, நபித்துவம், ஹிஜ்ரத், மறைவு என்று தொடக்கங்கள் முன்வைக்கப்பட்டன. ஹிஜ்ரத்தைச் சொன்னவர் அலீ (ரலி) என்பது பிரபலமான அறிவிப்பு. முதல் மாதம் எது என்ற கேள்விக்கு, ஹஜ்ஜை முடித்து மக்கள் ஊர் திரும்பும் முஹர்ரம் என்ற கருத்து நிலைத்தது. அது உஸ்மான் (ரலி) அவர்களுடையது என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. அண்ணலார் மதீனாவை அடைந்ததோ ரபீஉல் அவ்வலில். ஹிஜ்ரத்தை நினைவுகூரும் ஆண்டு, ஹிஜ்ரத் நிகழ்ந்த மாதத்திலன்றி அதற்கு இரண்டு மாதம் முன்பாகத் தொடங்குவது அந்தச் சபையில் கூடியிருந்தவர்களின் யோசனைகள் ஒன்றோடொன்று கலந்ததால்தான்.