ஜப்பானியர் பாட்டும் எண்ணும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரசர் பட்டியலையும் போர்க்களக் குறிப்புகளையும் புரட்டுவர். அந்நாட்டுச் சிறுமியர் பந்தடிக்கும்போது என்ன பாடினர் என்று கேட்போர் சிலரே. ஜப்பானைப் பொறுத்தவரை அவ்வாறு கேட்பது வீண் வேலை ஆகாது. அந்நாட்டுப் பாடல்களின் தலைப்புகளில் எண்கள் மலிந்து கிடக்கின்றன. ஏழு, பதினைந்து, முந்நூற்று அறுபத்தைந்து, இரண்டாயிரத்து அறுநூறு என அவை வரிசை வரிசையாக வருகின்றன. இவ்வெண்களைத் தொடர்ந்து சென்றால், தாய் எண்ணியதையும், அரசு எண்ணியதையும், பின்னர்ப் பொறி எண்ணியதையும் காணலாம்.

இரு வகை எண்கள்

ஜப்பானிய மொழியில் எண்ணுப்பெயர்கள் இரு வகைப்படும். ஹிதோட்சு, ஃபுதாட்சு, மிட்சு என்பன அம்மண்ணின் பழஞ்சொற்கள். இச்சி, நி, சான் என்பன சீனத்திலிருந்து வந்தவை. இரண்டும் வழக்கில் இருப்பதால் ஓர் எண்ணுக்கே பல ஒலிகள் உண்டு. சொல் விளையாட்டுக்கு இது நல்ல களம் ஆயிற்று. நான்கைக் குறிக்கும் 'ஷி' என்னும் ஒலி சாவையும் குறிக்கும். ஒன்பதைக் குறிக்கும் 'கு' துன்பத்தையும் குறிக்கும். ஆதலால் மருத்துவமனைகள் பலவற்றில் அறைகளுக்கு இவ்வெண்களை இடுவதில்லை. எட்டின் எழுத்து வடிவம் கீழ்நோக்கி விரிந்து செல்வதால், அது வளம் தரும் எண்ணாகக் கருதப்படுகிறது.

இக்களத்தில் விளைந்ததே 'கசோயே உதா' எனப்படும் எண்ணுப்பாட்டு. அதில் ஒவ்வொரு பகுதியும் ஓர் எண்ணுடன் தொடங்கும். அடுத்து வரும் சொல் அவ்வெண்ணின் முதல் ஒலியையே தனக்கும் முதலாகக் கொள்ளும். 'ஹிதோட்சு' என்றால் ஒன்று. அதனைத் தொடர்ந்து மனிதனைக் குறிக்கும் 'ஹிதோ' என்ற சொல் வரலாம். தமிழ்ச் செவிக்கு இது மோனை இன்பம். நூல் சுற்றிய 'தெமாரி' என்னும் பந்தைத் தட்டிக்கொண்டே சிறுமியர் ஒன்று முதல் பத்து வரை பாடுவர். பந்து தவறினால் பாட்டும் தவறும். எழுத்தறியாத குழந்தையும் இவ்வாறு எண்ணறிவு பெற்றது.

பள்ளிக்குள் வந்த பாட்டு

மெய்ஜி ஆட்சியினர் 1872இல் நாடெங்கும் பள்ளிகள் அமைக்கச் சட்டம் வகுத்தனர். ஆனால், பள்ளியில் பாடக் கற்பிக்க ஆசிரியரும் இல்லை, நூலும் இல்லை. ஆசிரியப் பயிற்சி முறையைக் கற்று வருமாறு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இசாவா ஷூஜி, பிற பாடங்களில் தேறினாலும், மேனாட்டுச் சுர வரிசையைப் பாட இயலாமல் இடர்ப்பட்டார். பாஸ்டன் நகர இசையாசிரியர் லூதர் வைட்டிங் மேசனை அடுத்து, முயன்று பயின்றார். 1879இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு இசை ஆய்வுக் கழகம் ஒன்றை இசாவாவின் பொறுப்பில் அமைத்தது. மறு ஆண்டில் மேசனே தோக்கியோ வந்து சேர்ந்தார். அவ்விருவர் உழைப்பின் பயனாகத் தொடக்கப் பள்ளிப் பாட்டு நூலின் முதற்பகுதி 1881ஆம் ஆண்டைத் தாங்கி உருவாயிற்று.

அக்காலத்தில் சுரங்களையும் எண்ணின் பெயராலேயே ஜப்பானியர் அழைத்தனர். மேனாட்டு வரிசையில் நான்காம் சுரமும் ஏழாம் சுரமும் ஜப்பானியர் நாவுக்கு இசையவில்லை. அவ்விரண்டையும் நீக்கி அமைந்த வரிசைக்கு 'யோ நா நுகி', அதாவது 'நான்கும் ஏழும் நீங்கியது' என்று பெயர் வந்தது. மத்திமமும் நிஷாதமும் இல்லாத மோகன இராகத்தை அறிந்தவர்க்கு இவ்வரிசை புதிதன்று. பிற்கால ஜப்பானியத் திரைப்பாட்டும் மதுக்கடைப் பாட்டும் பெரும்பாலும் இவ்வரிசையின் வழி வந்தவையே. தலைப்பில் எண் இல்லாத பாட்டிலும் எண் ஒளிந்திருந்தது எனலாம்.

1887இல் வெளியான மழலைப் பள்ளிப் பாட்டு நூலில் பழைய எண்ணுப்பாட்டின் மெட்டும் இடம் பெற்றது. ஆனால், சொற்கள் மாறின. பந்தடித்த சிறுமியின் விளையாட்டுச் சொற்களுக்குப் பதிலாக ஒழுக்க அறிவுரைகள் அமர்ந்தன. எண்ணுகின்ற வாயைக் கொண்டே கீழ்ப்படிதலையும் கற்பிக்கலாம் என்பதை அரசு கண்டுகொண்டது.

ஏழு எது?

இப்போக்கை மறுத்து, குழந்தையின் உள்ளத்திலிருந்து பாட்டு பிறக்க வேண்டும் என்று ஜப்பானியக் கவிஞர் சிலர் 1918க்குப் பின் எழுந்தனர். அவர்களுள் நொகுச்சி உஜோவும், இசையமைத்த மொதோரி நகாயோவும் குறிப்பிடத்தக்கவர். 1920இல் அவ்விருவரும் தந்த பாட்டின் தலைப்பு, 'பதினைந்தாம் இரவின் நிலவு'. சந்திர நாள்காட்டியில் பதினைந்தாம் இரவு முழுமதி இரவாகும்.

மறு ஆண்டில் வந்தது 'ஏழு குழந்தை' எனப் பொருள்படும் 'நானாட்சு நோ கோ'. மலையில் உள்ள தன் குஞ்சை எண்ணிக் கரையும் காகத்தைப் பற்றியது அது. இங்குள்ள ஏழு எதைக் குறிக்கிறது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. 'நானாட்சு' என்னும் சொல் ஏழு என்ற தொகையையும் சுட்டும். ஏழு வயதையும் சுட்டும். ஏழு குஞ்சுகள் என்றால், காகம் பொதுவாக மூன்று முதல் ஐந்து முட்டைகளே இடும். ஏழு வயதென்றால், அவ்வயதுக் காகம் குஞ்சன்று. ஆகவே, கவிஞர் மனிதக் குழந்தையையே மனத்திற் கொண்டார் என்று சிலர் கூறுவர். மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று வாழ்த்தும் 'ஏழு ஐந்து மூன்று' விழாவை நவம்பர் 15இல் கொண்டாடும் நாட்டில் இவ்விளக்கம் பொருந்தவே செய்கிறது. கணக்கில் பிழைபட்ட அந்த ஏழு, தாயன்பின் கணக்கில் பிழைபடவில்லை.

அரசின் எண்

1940இல் வேறோர் எண் நாட்டை ஆண்டது. முதற்பேரரசர் ஜிம்மு கி.மு. 660இல் அரியணை ஏறினார் என்னும் புராணக் கணக்கின்படி அது 2600ஆம் ஆண்டு. போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'ஆண்டு இரண்டாயிரத்து அறுநூறு' என்னும் பாட்டு வானொலியிலும் பள்ளிகளிலும் முழங்கிற்று. ஜிம்முவின் வில்லில் வந்தமர்ந்ததாகக் கூறப்படும் பொற்பருந்து அதில் புகழப்பட்டது.

அந்த எண் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்து 'சியோனான்' எனப் பெயர் மாற்றப்பட்டபோது, செய்தித்தாளில் ஆண்டு 2602 என்று அச்சாயிற்று. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கேற்ப ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் இச்சி, நி, சான் என்று எண்ணவும் ஜப்பானியப் பாட்டுகளைப் பாடவும் கற்றனர்.

ஆனால், ஜப்பானிய மக்களே அவ்வெண்ணுக்கு மறுமொழி கூறிவிட்டனர். பொற்பருந்தின் பெயரைத் தாங்கிய 'கின்ஷி' என்னும் சிகரெட்டு ஒன்று அங்கு விற்பனையில் இருந்தது. போர்ச் செலவால் விலைகள் ஏறியபோது, அதே மெட்டில் கின்ஷி 15 சென், ஹிகாரி 30 சென் என்று விலைப்பட்டியலையே பாடினர். அரசு 2600 ஆண்டுப் பெருமையை எண்ணியது. மக்கள் கைக்காசை எண்ணினர்.

இருபத்து நான்கு கண்கள்

போர் முடிந்த பின் சுபோய் சாக்காயே என்னும் பெண் எழுத்தாளர் 1952இல் எழுதிய புதினம் 'இருபத்து நான்கு கண்கள்'. 1954இல் கினோஷித்தா கெய்சுக்கே அதனைத் திரைப்படம் ஆக்கினார். தீவுப் பள்ளியில் 1928இல் பணியேற்ற ஆசிரியைக்கு வாய்த்த மாணவர் பன்னிருவர். ஆகவே கண்கள் இருபத்து நான்கு. அவர்கள் பாடி மகிழ்ந்தவற்றுள் காகப்பாட்டும் ஒன்று. பின்னர், ஆண் பிள்ளைகளுட் சிலர் போரில் மாண்டனர். ஒருவன் பார்வையிழந்து திரும்பினான். ஆண்டுகள் கழித்து அவ்வாசிரியை மீண்டும் வகுப்பிற்குள் நுழைந்தபோது, பழைய கணக்கு நிறைவு பெறவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயரையும் அழைத்துப் பழகிய எவருக்கும் அந்தக் குறை விளங்கும்.

பாட்டே எண்ணாயிற்று

1961இல் வெளிவந்து, 1963இல் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம் பெற்ற 'மேல் நோக்கி நடப்போம்' என்னும் பாட்டின் தலைப்பில் எண் இல்லை. அதைப் படைத்தவர் பெயர்களில் உண்டு. எழுதியவர் ரொக்குசுக்கே, இசையமைத்தவர் ஹாச்சிடாய், பாடியவர் கியூ. ஆறு, எட்டு, ஒன்பது! ஒன்பதாம் பிள்ளையாகப் பிறந்ததால் சாக்காமோத்தோ கியூவுக்கு அவ்வெழுத்தே பெயராயிற்று. தொழில் வளர்ச்சி உச்சத்தில் இருந்த 1968இல் சுயிசென்ஜி கியோக்கோ பாடிய '365 அடி நடை' நாளுக்கோர் அடியாக முன்னேறச் சொன்னது.

1971இல் கோபே நகர இசைக் கலைஞர் இனோவே டாய்சுக்கே, காசு போட்டால் பக்க இசை மட்டும் ஒலிக்கும் 11 பொறிகளைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 'வெற்று வாத்தியக் குழு' எனப் பொருள்படும் கரோக்கே இவ்வாறு பரவிற்று. நாளடைவில் பாட்டுகள் பெருகவே, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்பட்டது. தடித்த புத்தகத்தில் எண்ணைத் தேடி அழுத்தினால் பாட்டு வந்தது. முன்பு பாட்டுக்குள் எண் இருந்தது. இப்போது எண்ணுக்குள் பாட்டு அடங்கிற்று.

எனினும், மனிதர் எண்ணுவதை நிறுத்தவில்லை. 1983இல் ஓசாக்கி யுத்தாக்கா 'பதினைந்தின் இரவு' பாடினார். 1920இன் பதினைந்து நிலவின் நாளைக் குறித்தது. இது பள்ளிக் கட்டுப்பாட்டில் புழுங்கிய பதினைந்து வயதைக் குறித்தது. 2003இல் ஸ்மாப் குழுவினர் தனிப்பாட்டாக வெளியிட்ட, மாக்கிஹாரா நோரியுக்கி இயற்றிய 'உலகில் ஒன்றே ஒன்றான மலர்' இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. முதலிடம் பெறுவது பெரிதன்று. ஒவ்வொருவரும் தமக்கு ஒப்பற்றவரே என்பது அதன் கருத்து.

2602 என்று அச்சிட்ட ஆண்டுக் கணக்கு 1945இல் மலாயாவை விட்டு மறைந்தது. 2600ஐப் பாடிய பாட்டும் விழாக் காலத்தோடு ஓய்ந்தது. தெமாரிப் பந்தின் ஒன்று முதல் பத்தும், காகத்தின் பிழைபட்ட ஏழும் இன்னும் குழந்தைகள் வாயில் வழங்குகின்றன. வகுப்பில் பிள்ளைகளுக்கு எண் கற்பிப்போர் நினைவிற் கொள்ளத்தக்க வரலாறு இது.